வாலட் பாஸ்வேர்டு மாற மாட்டேன் என்றால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் போச்சு, கீபோர்டில் டீ கொட்டிருச்சு என்று வருகிறவர்களுக்கு நடுவே, ‘கிரிப்டோ வாலட் பாஸ்வேர்டை மாத்தணும், மாற மாட்டேங்குது’ என்று வருகிறவர்களும் இப்போது வாடிக்கையாகிவிட்டார்கள். பிளாக்செயின் ப்ராஜெக்ட் செய்யும் காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம். விலை ஏறிய காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று கொஞ்சம் ஈதரோ பிட்காயினோ வாங்கி, அப்புறம் மறந்தே போன ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் இன்னொரு பக்கம். கோளாறு என்னவோ திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## கை வைக்கும் முன்

காயினை நகர்த்தும் ரகசியச் சாவியான பிரைவேட் கீ இருக்கும் ஃபைலை முதலில் நகல் எடுங்கள். ஈதர் ஓடும் எத்தீரியம் நெட்வொர்க்குக்கான கெத் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது ‘கீஸ்டோர்’ ஃபோல்டரில், யூடிசி என்று தொடங்கும் நீளப் பெயரோடு இருக்கும். பிட்காயின் கோர் என்ற வாலட் மென்பொருள் என்றால் ஃபைல் மெனுவிலேயே வாலட்டை பேக்கப் எடுக்கும் வசதி உண்டு. பிரௌசரிலும் போனிலும் ஓடும் மெட்டாமாஸ்க் வாலட் என்றால், உருவாக்கும்போது அது கொடுத்த 12 ஆங்கில வார்த்தைகள் எழுதிய தாள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தாளைக் கண்ணால் பார்க்காமல் ‘வீட்ல எங்கேயோ இருக்கும்’ என்கிற நம்பிக்கையில் எதையும் தொடாதீர்கள்.

நகலைப் பென் டிரைவில் போட்டு, முறையாகக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஃபைல் அளவு சைபராக இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வது, மெயிலில் போட்டுவைப்பது இரண்டும் வேண்டாம். பிரௌசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

புதுப் பாஸ்வேர்டையும் மாற்றுவதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். மாற்றிய பிறகு எழுதிக்கலாம் என்று விட்டவர்கள்தான் மறுவாரம் கடைக்கு வருகிறார்கள்.

## இது எந்தப் பாஸ்வேர்டு?

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் வாங்கி அங்கேயே விட்டிருக்கிறீர்கள் என்றால், பிரைவேட் கீ அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது வெறும் லாகின் பாஸ்வேர்டு. ஆப்பில் ‘மறந்துவிட்டேன்’ என்று அழுத்தினால் மெயிலோ ஓடிபியோ வரும், மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

வாலட் என்றால் கதையே வேறு. அங்கே பாஸ்வேர்டு பூட்டுவது இந்தக் கம்ப்யூட்டரிலோ போனிலோ இருக்கும் ஒரு ஃபைலை மட்டும்தான். ஓடிபி அனுப்ப எந்த ஆபீசும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே இருக்கும் பிரைவேட் கீ அப்படியேதான் இருக்கும், காயின் வந்து சேரும் முகவரியும் மாறாது. கீழே வரும் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் இது புரியாததுதான்.

## அறிகுறி: பழைய பாஸ்வேர்டே தப்பு என்கிறது

பெரும்பாலும் வருவது இதுதான். ‘இன்னாண்ணா, கரெக்டாத்தான் போடறேன், ஏத்துக்க மாட்டேங்குது’ என்பார்கள். பாஸ்வேர்டு நினைவில் சரியாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்வதுதான் வேறாக இருக்கும்.

அடிக்கும்போது திரையில் ஒன்றுமே விழவில்லை. டெர்மினலில் அது இயல்பு. கெத் பாஸ்வேர்டு கேட்கும்போது எழுத்தோ புள்ளியோ காட்டாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டு தரம் அடித்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். ஒரே தரம் அடித்து என்டர் தட்டுங்கள்.

எழுத்து விழுகிறது, ஆனாலும் ஏற்கவில்லை. நோட்பேடைத் திறந்து அதில் பாஸ்வேர்டை அடித்துக் கண்ணால் பாருங்கள். கேப்ஸ் லாக் போட்டிருக்கலாம். நம் லேப்டாப்புகளில் கீபோர்டு அமைப்பு இங்கிலாந்து ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறி விழும். தமிழ் 99 கீபோர்டு ஆனில் கிடந்தால் வேறு எழுத்தே விழும். பார்த்து முடித்ததும் நோட்பேடில் அடித்ததை அழித்துவிட்டு மூடுங்கள். விண்டோஸ் 11-ல் சேமிக்காமல் மூடினாலும் அடுத்த முறை திறக்கும்போது அப்படியே வந்து நிற்கும்.

போனில் வைத்த பாஸ்வேர்டு. போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கியிருக்கலாம். வார்த்தைப் பரிந்துரையைத் தட்டியிருந்தால் கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முதல் எழுத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும், கடைசியில் இடைவெளி விட்டும் விடாமலும், நாலு விதமாக அடித்துப் பாருங்கள். காப்பி பேஸ்ட் செய்கிறவர்களும் இதையே கவனிக்க வேண்டும்.

செயலியின் ஜன்னலில் அடித்தால் திறக்கிறது, கமாண்டில் கொடுத்தால் தப்பு என்கிறது. பிட்காயின் கோர் வைத்திருப்பவர்கள் ‘வாலட் பாஸ்பிரேஸ் சேஞ்ச்’ கமாண்டைக் கட்டளை வரியில் கொடுக்கும்போது வருவது (பாஸ்பிரேஸ் என்பதும் பாஸ்வேர்டுதான்). லினக்ஸில் பாஸ்வேர்டை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் $ குறிக்கு அடுத்து வருவதை, கமாண்டை வாங்கிக்கொள்ளும் ஷெல் தின்றுவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் % குறியும் ^ குறியும் இதே வம்பைச் செய்யும். என்னைக் கேட்டால், கமாண்டே வேண்டாம். பிட்காயின் கோர் ஜன்னலில் செட்டிங்ஸ் மெனுவில் பாஸ்பிரேஸ் மாற்றும் வசதி இருக்கிறது. கமாண்டில் கொடுத்தால் பழையதும் புதியதும் ஷெல் வரலாற்றில் பதிந்து கிடக்கும். அதைத் தேடி அழிப்பது தனி வேலை.

தமிழில் வைத்த பாஸ்வேர்டு. தமிழ்ப் பாஸ்வேர்டை யாரும் ஊகிக்க முடியாது என்று சிலர் வைக்கிறார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான், மயிரிழை வித்தியாசம் தெரியாது. கெத்துக்கு அவை இரண்டு வேறு பாஸ்வேர்டுகள். கொ, கோ, கௌ வரிசை எழுத்து எது இருந்தாலும் இந்தச் சிக்கல் வரலாம். பழைய கம்ப்யூட்டரில் எந்தத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளால் அடித்தீர்களோ, அதே மென்பொருளைப் போட்டு அடித்துப் பாருங்கள். வாலட்டை உருவாக்கிய செயலியும் கெத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில செயலிகள் இரண்டு வடிவத்தையும் தாமே ஒன்றாக்கிவிடும். அதனால் உருவாக்கிய செயலியிலேயே ஒருமுறை திறந்து பார்ப்பதும் உத்தமம். திறந்துவிட்டால் புதுப் பாஸ்வேர்டை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

பாஸ்வேர்டு சரி, ஃபைல் வேறு. ஒரே ஃபோல்டரில் மூன்று நாலு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நடப்பது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. யூடிசி ஃபைலின் பெயர் முடிவில் 40 எழுத்தில் முகவரி இருக்கும், உள்ளேயும் இருக்கும். உங்கள் முகவரியின் முன்னால் வரும் 0, எக்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு ஒப்பிடுங்கள். மெட்டாமாஸ்க்கில் இன்னொரு வகை: 12 வார்த்தையில் உருவாக்கிய வாலட் என்றால், லேப்டாப் பிரௌசரில் வைத்த பாஸ்வேர்டு வேறு, போனில் வைத்தது வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. கீஸ்டோர் ஃபைலுக்குள் ‘சைபர்டெக்ஸ்ட்’, ‘மேக்’ என்று இரண்டு நீள வரிசைகள் இருக்கும். பாஸ்வேர்டு சரியா என்று கெத் சோதிப்பது இவற்றை வைத்துத்தான். இதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும், சரியான பாஸ்வேர்டுக்கும் ‘இந்தப் பாஸ்வேர்டால் திறக்க முடியவில்லை’ என்றுதான் வரும். ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லாது. கெத் உருவாக்கும் ஃபைல் சுமார் 500 பைட் இருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தாலோ, கடைசி எழுத்து அடைப்புக் குறியாக இல்லாவிட்டாலோ பாதியில் அறுந்த நகல் அது. வேறு பென் டிரைவ், பழைய லேப்டாப், பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே நகல் இருந்தாலும் எடுத்து அதில் முயலுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஓடவில்லை என்றால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் ஒரு தடவைகூட வேண்டாம். நேரே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

ஃபைலைத் திறந்தால் ‘என்க்சீட்’ என்ற சொல் தெரிகிறதா? அது 2014-ல் நடந்த எத்தீரியம் முன்விற்பனையின் ஃபைல். அமைப்பே வேறு. பாஸ்வேர்டை மாற்றும் சாதாரண ‘கெத் அக்கவுண்ட் அப்டேட்’ கமாண்ட் அதைத் தொடாது, முதலில் தனியாக இம்போர்ட் செய்ய வேண்டும். நம் ஊரில் இது அபூர்வம். வைத்திருந்தால் நிதானமாகச் செய்யுங்கள். அதன் மதிப்பு தெரியாமல் யாரிடமும் காட்டாதீர்கள்.

### நிஜமாகவே மறந்துவிட்டது

மேலே உள்ளதெல்லாம் பார்த்தாச்சு, இல்லை என்றால், வழி இரண்டாகப் பிரிகிறது.

12 வார்த்தைகளோ பிரைவேட் கீயோ தனியாக இருக்கிறது. கவலையே இல்லை. பழைய பாஸ்வேர்டை விட்டுவிடுங்கள். மெட்டாமாஸ்க்கில் பூட்டிய திரையில் ‘மறந்துவிட்டேன்’ என்று அழுத்தி 12 வார்த்தைகளைக் கொடுத்தால் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். பிரௌசரில் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குப் பாஸ்வேர்டு மாற்றும் பட்டனே இருக்காது. அவர்களுக்கும் வழி இதுதான். ஆனால் கவனம்: பிரைவேட் கீ கொடுத்துத் தனியாகச் சேர்த்த கணக்குகள் 12 வார்த்தையில் அடங்காது. ரீசெட் செய்தால் அவை போய்விடும். அந்தக் கணக்குகளின் கீ தனியாகக் கையில் இல்லை என்றால் ரீசெட் பட்டனில் கை வைக்காதீர்கள்.

ஒன்றுமே இல்லை, ஃபைல் மட்டும்தான் இருக்கிறது. இங்கே கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கெத் ஃபைலில் ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்கச் சாதாரண லேப்டாப்புக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்து, ஒழுங்கில்லாமல் வைத்தது என்றால் 26 எழுத்தில் சுமார் 20,900 கோடி விதம் வரும். நொடிக்கு ஒன்று என்றால் 6,600 ஆண்டு. ஆகவே குருட்டாம்போக்கில் தேடுவது நடக்காது.

ஆனால் பாதி நினைவு இருந்தால் நடக்கும். நம் ஆட்கள் வைக்கும் பாஸ்வேர்டுகளுக்கு ஒரு ஜாடை உண்டு: சாமி பெயர், பிள்ளை பெயர், வண்டி நம்பர், பிறந்த வருடம். இதில் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் ஆள் மாட்டிக்கொள்கிறார். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘க’வுக்கு கே போட்டாரா ஜி போட்டாரா, ‘டே’யில் ஈ ஒன்றா இரண்டா, ‘ஸ்வ’வில் எஸ் மட்டுமா எச்சும் சேர்த்தா, அதில் வி போட்டாரா டபிள்யூ போட்டாரா? இதற்கே 16 விதம் வந்துவிட்டது. முன்னால் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்த்தால் 32. பின்னால் டிஎன் 23 வண்டியின் நாலு எண், நினைவில்லை என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 3,20,000. நொடிக்கு ஒன்று என்றாலும் நாலு நாளில் முடிந்துவிடும். இந்த மாதிரிப் பட்டியல் போட்டுத் தேடுவதற்கு பிடிசி ரெக்கவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, நகல் ஃபைலில் ஓட்ட வேண்டும். கத்திரி வெயிலில் இரவும் பகலும் லேப்டாப்பை ஓடவிட்டால் சூடேறி நின்றுவிடும். ஃபேன் கீழே வையுங்கள், ஆர்வமாக ஓட்டுகிறவர்கள் யூபிஎஸ் இருக்கும் டெஸ்க்டாப்பில் ஓட்டுங்கள்.

பட்டியல் போடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதீர்கள். ஒரு நோட்டில், அந்த வருடத்தில் எந்த வீட்டில் இருந்தோம், எந்தப் போன், எந்த வண்டி, வேறு எந்தெந்தக் கணக்குக்கு என்ன பாஸ்வேர்டு என்று எழுதிக்கொண்டே போங்கள். பிரௌசரில் சேமித்த பழைய பாஸ்வேர்டுகளையும் பாருங்கள். கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் அவற்றின் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கும்.

## அறிகுறி: அப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறது

பதறிவிடுவார்கள். பெரும்பாலும் கெத் தப்பான ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் ‘கெத் அக்கவுண்ட் லிஸ்ட்’ கொடுங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் ஃபைல் இருக்கும் பாதையையும் காட்டும். லினக்ஸில் ‘சூடோ’ போட்டு ஓட்டினால் ரூட் பயனரின் ஃபோல்டரைப் பார்க்கும், உங்களுடையதைப் பார்க்காது. சூடோ இல்லாமல் ஓட்டுங்கள். விண்டோஸில் பழைய பதிப்பு ‘ரோமிங்’ பக்கமும் புதியது ‘லோக்கல்’ பக்கமும் எத்தீரியம் ஃபோல்டர் வைக்கும். இரண்டையும் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்தால்தான் தெரியும். ஃபைல் வேறெங்கோ இருந்தால் கீஸ்டோர் பாதையைக் கமாண்டிலேயே சொல்லிவிடலாம்.

ஒரே முகவரிக்கு இரண்டு ஃபைல் இருக்கிறது என்று சொன்னால், பேக்கப்பை அதே ஃபோல்டருக்குள் போட்டுவிட்டீர்கள். வெளியே எடுத்து வையுங்கள், அழிக்க வேண்டாம்.

பிட்காயின் கோரில் ‘எந்த வாலட் என்று சொல்லவில்லை’ என்று வந்தால் ஒன்றுக்கு மேல் வாலட் லோட் ஆகியிருக்கிறது, உங்களுடையதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘வாலட் எதுவும் லோட் ஆகவில்லை’ என்று வந்தால் இன்னும் ஒன்றுமே திறக்கவில்லை. ஃபைல் மெனுவில் போய் உங்கள் வாலட்டைத் திறங்கள். செட்டிங்ஸில் ‘பாஸ்பிரேஸ் மாற்று’ மங்கலாக இருந்தால் அந்த வாலட்டுக்கு இதுவரை பாஸ்வேர்டே இல்லை. மாற்றுவதற்கு முன்னால் முதலில் என்க்ரிப்ட் செய்ய வேண்டும். செய்த பிறகு புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள்.

## அறிகுறி: பாதியில் நின்றுவிட்டது, அல்லது ‘கில்டு’ என்று வருகிறது

மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன சர்வரில் ஓட்டும் மாணவர்களுக்கு வருவது. கெத் ஃபைலைத் திறக்கவும் திரும்பப் பூட்டவும் ஒவ்வொரு முறையும் 256 எம்பி நினைவகம் வேண்டும். 512 எம்பி சர்வரில் மற்றதெல்லாம் போக அவ்வளவு மிஞ்சாது. மற்ற புரோகிராம்களை நிறுத்துங்கள், ஸ்வாப் இடம் கொஞ்சம் கொடுங்கள். அல்லது ஃபைலை உங்கள் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து மாற்றிவிட்டுத் திரும்ப அனுப்புங்கள். டிஸ்க் நிரம்பியிருந்தாலும், ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாவிட்டாலும் மாறாது. இரண்டையும் பார்க்க ஒரு நிமிடம்தான்.

மாற்றும்போதே கரண்ட் போய்விட்டதா? பயப்பட வேண்டாம். கெத் பழைய ஃபைல் மேல் நேரடியாக எழுதுவதில்லை. பக்கத்தில் தற்காலிக ஃபைல் ஒன்றை எழுதி, திறக்கிறதா என்று சோதித்து, அப்புறம்தான் இடம் மாற்றுகிறது. எனவே பழைய பாஸ்வேர்டு, புதியது இரண்டில் ஒன்று வேலை செய்யும். முதலில் பழையதை முயலுங்கள்.

இன்னொன்று: மாற்றிய பிறகும் ஃபைல் பெயரில் உள்ள தேதி பழையதாகவே இருக்கும். அது கணக்கை உருவாக்கிய தேதி. மாறியதா என்று பார்க்க ஃபைல் திருத்தப்பட்ட நேரத்தைப் பாருங்கள்.

## அறிகுறி: மாற்றியாச்சு, ஆனால் பழைய பாஸ்வேர்டும் திறக்கிறது

இது கோளாறே இல்லை. நீங்கள் திறந்தது பழைய நகல். பென் டிரைவிலும் பழைய லேப்டாப்பிலும் இருக்கும் ஃபைல்களுக்குப் பழைய பாஸ்வேர்டுதான். நீங்கள் மாற்றியது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே இருப்பதோ அதே பிரைவேட் கீ. பிட்காயின் கோரின் பழைய பேக்கப்பும் இப்படித்தான்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதற்காகப் பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள்?

சும்மா, எளிதாக இருக்கிறது, கஷ்டமாக வைக்கலாம் என்று மாற்றினால், எல்லா நகலையும் புதிய ஃபைலால் மாற்றுங்கள். பழையவற்றை அழியுங்கள். அழிப்பதற்கு முன் புதிய ஃபைல் புதுப் பாஸ்வேர்டில் திறக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

ரூம் மேட் பார்த்துவிட்டான், விற்ற லேப்டாப்பில் ஃபைல் இருந்தது, லிங்க் ஒன்றைத் தட்டிவிட்டேன் என்பதற்காக மாற்றினால், பாஸ்வேர்டு மாற்றம் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. வெளியே போன நகலை உங்களால் மாற்ற முடியாது. புதிதாக ஒரு வாலட் உருவாக்குங்கள், புது 12 வார்த்தை, புது முகவரி. இருக்கிற காயினையெல்லாம் அதற்கு மாற்றுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். யுஎஸ்டிடி போன்ற டோக்கன் மட்டும் எத்தீரியத்தில் வைத்திருப்பவர்கள், அதை நகர்த்தவே கட்டணமாகக் கொஞ்சம் ஈதர் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். கீ திருடன் கையில் இருந்தால், நீங்கள் அனுப்பும் அந்தக் கொஞ்ச ஈதரையும் அவன் வந்ததும் உருவிவிடுவான். அந்த நிலை வந்துவிட்டால் இனி நீங்களாக முயல வேண்டாம். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

12 வார்த்தைகளே யாருக்காவது தெரிந்துவிட்டது என்றாலும் இதே வழிதான்.

## அறிகுறி: மாற்றியதிலிருந்து நம் புரோகிராம் ஓடவில்லை

ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு மட்டும். பழைய பாஸ்வேர்டு எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு ஃபைலிலோ, புரோகிராமின் அமைப்பு ஃபைலிலோ, சர்வர் தொடக்கக் குறிப்பிலோ பாருங்கள். கெத்தோடு சேர்ந்து, பரிமாற்றங்களில் கையொப்பம் போடும் கிளெஃப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் அது தனக்கென்று பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும். கீஸ்டோரில் மாற்றியது அதற்குத் தெரியாது, அங்கே மறுபடி கொடுக்க வேண்டும். தேடும்போது பாஸ்வேர்டு கிட்ஹப்பில் ஏறியிருப்பது கண்ணில் பட்டால், அங்கிருந்து அழித்தால் போதாது, பழைய பதிப்புகளில் அப்படியே இருக்கும். கீஸ்டோர் ஃபைலும் கூடவே ஏறியிருந்தால் முகவரியையே மாற்றுங்கள். சோதனை நெட்வொர்க் காசுதானே என்று விட்டால், அதே முகவரியை நாளைக்கு நிஜக் காசுக்கும் பயன்படுத்துவீர்கள்.

## அறிகுறி: திறக்கிறது, ஆனால் பணம் 0 என்று காட்டுகிறது

எளியதிலிருந்து பாருங்கள். வேறு நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா? சேர்த்த டோக்கன் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறதா? 12 வார்த்தை கொடுத்துத் திரும்ப நிறுவிய மெட்டாமாஸ்க்கில் இரண்டாவது, மூன்றாவது கணக்குகள் தெரியாமல் இருக்கலாம். ‘கணக்குச் சேர்’ என்று வரிசையாக அழுத்தினால் பழைய முகவரிகள் அதே வரிசையில் வந்துவிடும். பிரைவேட் கீ கொடுத்துச் சேர்த்தவை மட்டும் வராது, திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஹார்டுவேர் வாலட்டில் 12 அல்லது 24 வார்த்தைக்கு மேல் கூடுதலாக ஒரு ரகசியச் சொல் வைத்தவர்கள் கவனிக்க: அந்தச் சொல்லைத் தப்பாக அடித்தால் பிழை என்று வராது, வேறொரு காலி வாலட் திறக்கும். அதை ‘மாற்றவும்’ முடியாது. வேறு சொல் என்றால் வேறு வாலட்.

இதெல்லாம் இல்லை என்றால், உங்கள் பழைய முகவரியை, எத்தீரியம் பரிமாற்றங்களை யாரும் பார்க்கக்கூடிய ஈதர்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பாருங்கள். அதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. அங்கே இருப்பு இருந்தால் பணம் பத்திரம், காட்டுவதில்தான் கோளாறு. நீங்கள் செய்யாத பரிமாற்றம் வெளியே போயிருந்தால் அது திருட்டு.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஹார்ட் டிஸ்க் செத்தால், பாதி நினைவுப் பட்டியல் போட்டும் சொந்தமாக ஓட்ட வரவில்லை என்றால், திருட்டு நடந்தால், இந்த மூன்றில்தான் வெளியாள் தேவை. மற்ற எதற்கும் பொறுமை போதும்.

பாஸ்வேர்டு மீட்டுத் தருபவர்களில் ஒழுங்கானவர்கள் கிடைத்த தொகையில் ஒரு பங்கு கேட்பார்கள், முன்பணம் கேட்க மாட்டார்கள். கீஸ்டோர் ஃபைலை அவர்களிடம் கொடுத்து அவர்கள் திறந்துவிட்டால் கீ அவர்கள் கையில் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் முடிந்தால் உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். 12 வார்த்தைகளை யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும் சேர்த்துத்தான். டெலிகிராமில் ‘மெட்டாமாஸ்க் சப்போர்ட்’ என்று தானே வந்து பேசுகிறவனும், ரிமோட் ஆப் போடச் சொல்கிறவனும் திருடன். ‘போன காயினைத் திரும்ப எடுத்துத் தரேன்’ என்று கட்டணம் கேட்பவன் அதே வீட்டுக்காரன்.

திருட்டு என்றால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். காயின் எந்த முகவரிக்குப் போனது, பரிமாற்ற எண், நேரம் எல்லாவற்றையும் ஈதர்ஸ்கேனிலிருந்து எடுத்து அச்சிட்டு வையுங்கள். திருடிய காயின் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே முடக்க ஒரு வாய்ப்பு உண்டு, அதற்கு மணிக்கணக்கு முக்கியம். நேரில் போகிறவர்கள் ஊரைப் பார்த்துப் போங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடு, வாலாஜா ஆட்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழக்கத்தில் வேலூருக்கு பஸ் ஏறி வந்து அரை நாளை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.